சட்டைப்பைக்குள் அடங்கும், கைக்குள் அடங்குமா?

ஜார்ஜ்டவுனில் வேலை பார்க்கும் ஒரு வாசகி சென்ற மாதம் எழுதியிருந்தார். தோழிகளோடு புக்கெட்டுக்கு விடுமுறை போகிறாராம். அங்கே சுற்றுப்பயணிகள் காசு கட்டித் துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் இடங்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். “சார், எனக்குக் கை சின்னது. இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பாக்கெட்டில் போடுகிற மாதிரி சின்ன ரிவால்வர் ஒன்று இருக்கிறதாம். முதல் முறை சுடுகிறவளுக்கு அதுதானே சுலபம்?” என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார். “ராத்திரியில் தனியாக வீடு திரும்பும் பெண்களுக்கு அப்படியொன்று கைப்பையில் இருந்தால் நல்லதுதானே?”

நல்ல கேள்விகள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. போலீஸ் பணியில் இருந்த காலத்தில் சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சின்னத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போகத்தான் சுலபம். சுடுவதற்கு அதைப்போல முரண்டு பிடிப்பது வேறொன்றும் இல்லை.

சம்பானும் பெர்ரியும்

காரணம் எளிது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

பாலிக் புலாவின் கடலோரத்தில் மீனவர் சம்பானிலிருந்து கரைக்குத் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் முன்னே பாய்வார், சம்பான் பின்னே நழுவும். அதே ஆள் பட்டர்வொர்த் பெர்ரியிலிருந்து தாவினால் பெர்ரி அசையுமா? அசைந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. தாவியவர் ஒருவரே, உதைத்த கால் ஒன்றே. ஏந்திக்கொண்ட பாரம்தான் வேறு.

துப்பாக்கியிலும் இதுதான் நடக்கிறது. .38 வகைத் தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 10 கிராம். குட்டைக் குழலிலிருந்தும் அது வினாடிக்கு 200 மீட்டர் அளவு வேகத்தில் பாயும். அது முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே வந்தாக வேண்டும். துப்பாக்கி 1 கிலோ என்றால் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அரைக் கிலோ என்றால் 4 மீட்டர். எடை பாதியானால் வேகம் இரு மடங்கு, கையில் வந்து மோதும் ஆற்றலும் இரு மடங்கு. குண்டோடு சேர்ந்து சீறும் மருந்துப் புகையையும் கணக்கில் எடுத்தால் உதை இன்னும் கொஞ்சம் கூடும். இதைத்தான் பின்னுதைப்பு என்கிறோம்.

நம் ஊர்ப் பக்கம் பழத்தோட்டக்காரர் சிலர் குரங்கு, அணில் தொல்லைக்காக உரிமம் பெற்று ஷாட்கன் வைத்திருப்பார்கள். அதன் உதை ரிவால்வரின் உதையைவிடப் பெரியதுதான். ஆனால் அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் 3 கிலோ அளவு கனக்கும். கட்டையைத் தோளில் அணைத்துக்கொள்கிறார்கள், உதையை உடம்பே வாங்கிக்கொள்கிறது. பாக்கெட் ரிவால்வருக்குக் கட்டையும் கிடையாது, கனமும் கிடையாது. உதை முழுவதும் மணிக்கட்டுக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைக்கும்தான் போய்ச் சேரும்.

பின்னே வருவதோடு நின்றால் பரவாயில்லை, துப்பாக்கி மேலேயும் எகிறும். குழல் மேலே இருக்கிறது, பிடித்திருக்கும் கை கீழே இருக்கிறது. அதனால் உதை நேராகப் பின்னால் வராமல் குழலின் முனையை வானத்தை நோக்கித் திருப்பும். பிடி எவ்வளவு குட்டையோ, எடை எவ்வளவு குறைவோ, திருப்பம் அவ்வளவு அதிகம்.

500 கிராம், 5 கிலோ

இந்த வகை ரிவால்வர் புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற 5 தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. எஃகால் செய்தது, எடை சுமார் 550 கிராம். பிறகு அலுமினியக் கலவையில் 425 கிராம் அளவுக்கு இறக்கினார்கள். அதற்கும் பிறகு டைட்டானியம், ஸ்காண்டியம் என்று போய் 350 கிராமுக்கும் கீழே வந்துவிட்டார்கள். நாள் முழுக்கச் சுமப்பவருக்கு ஒவ்வொரு கிராம் குறைவதும் வரம், சுடுபவருக்கு அதே கிராம் தண்டனை.

சிங்கப்பூர்ப் போலீசார் பல ஆண்டுகள் இடுப்பில் வைத்திருந்தது டாரஸ் 85 என்னும் 5 தோட்டா ரிவால்வர். ஜப்பான் போலீசார் வைத்திருப்பவற்றில் சக்குரா என்ற சின்ன ரிவால்வரும் ஒன்று. இவர்கள் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் சீருடைக்காரர்கள். சுடுதளத்தில் பழகித் தேறிய பிறகே அது அவர்கள் இடுப்புக்கு வந்தது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஒரு விதி உண்டு. பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. விசையை இழுக்கத் தேவையான பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அதாவது கனமான துப்பாக்கி, லேசான விசை. 2024இல் பாரிஸில் 22 வயது மனு பாக்கர் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம் வாங்கித் தந்தது இந்த வகைப் பிஸ்டலில்தான்.

பாக்கெட் ரிவால்வரில் எல்லாம் தலைகீழ். துப்பாக்கியின் எடை அரைக் கிலோவுக்குள், விசையை இழுக்கவோ 5 கிலோ அளவு பாரம். தவறிப்போய் வெடித்துவிடக் கூடாது என்பதற்காகவே விசையை நீளமாகவும் கனமாகவும் வைக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அரைக் கிலோப் பொருளை ஒரே விரலால் 5 கிலோ பாரத்தில் இழுத்தால் பொருள் அசையாமல் நிற்குமா? குண்டு கிளம்புவதற்கு முன்பே குறி தவறிவிடும்.

பெண்கள் கைக்கு அடக்கமான பிஸ்டலால்தான் சாதிக்க முடியும் என்பது உண்மையானால் மனு பாக்கர் கையில் ஏன் அந்தப் பெரிய பிஸ்டல்? ஆண் பெண் வித்தியாசம் இதில் இல்லை. பிடி கைக்குப் பொருந்துகிறதா, கை பழகியிருக்கிறதா என்ற இரண்டே கேள்விகள்தான்.

சுண்டுவிரலுக்கு இடமில்லை

இனி பிடிக்கு வருவோம். துப்பாக்கியில் இல்லாத கனத்தைக் கைதான் ஈடுகட்ட வேண்டும். பயிற்றுநரின் மேற்பார்வையில், உரிமம் பெற்ற சுடுதளத்தில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, உயரம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போய் உட்கார வேண்டும். கை மேலே போகப் போகக் குழலுக்கும் கைக்கும் இடையிலுள்ள தூரம் குறையும், எகிறலும் குறையும். அதற்காகப் பின்னால் அசையும் சுத்தியலைத் தடுக்கும் அளவுக்கு ஏறிவிடவும் கூடாது.

இரண்டாவது, சுண்டுவிரல். சின்ன ரிவால்வரின் பிடியில் இரண்டு விரல்களுக்குத்தான் இடம் இருக்கும். புதியவர்களுக்குச் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். அதை மடக்கிப் பிடியின் அடியில் முட்டுக்கொடுத்தாற்போல வைத்தால் கீழிருந்து ஒரு தாங்கல் கிடைக்கும்.

மூன்றாவது, அழுத்தம். நெடுநாள் காணாத நண்பருக்குக் கை கொடுக்கும்போது இறுக்கிப் பிடிப்போமே, அந்த அளவு. தளர்வாகப் பிடித்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் துப்பாக்கி கைக்குள்ளேயே புரண்டு இடம் மாறும், மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். கை நடுங்கும் அளவுக்கு நெரித்தாலும் குறி ஆடும். நடுக்கம் வந்தால் ஒரு படி தளர்த்துங்கள்.

நான்காவது, மற்றக் கை. அது வேடிக்கை பார்க்கக் கூடாது. சுடும் கையின் விரல்கள்மேல் மற்றக் கையின் விரல்கள் படிந்து இறுக்க வேண்டும். கட்டைவிரல் மேல் கட்டைவிரலைப் போட்டு அழுத்திக்கொள்ளலாம். இந்த முறை ரிவால்வருக்கு மட்டும். பிஸ்டலில் மேல்பாகம் பின்னோக்கி விரைந்து வரும், அதன் வழியில் கட்டைவிரல் இருந்தால் கிழித்துவிடும்.

ஐந்தாவது, விரல் எல்லை. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அந்த இடுக்கு வழியே கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறும். துப்பாக்கி சின்னதாக இருப்பதால் மற்றக் கையின் விரல்கள் தாமாகவே முன்னால் தவழ்ந்து அங்கே போய்விடும். விசையின் காப்பு வளையத்தைத் தாண்டி எந்த விரலும் முன்னே போகக் கூடாது.

ஆறாவது, நிற்பது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, உடம்பின் பாரம் கொஞ்சம் முன்னே சாய்ந்திருக்க வேண்டும். புதியவர்கள் துப்பாக்கிக்குப் பயந்து பின்னால் சாய்வார்கள். பின்னால் சாய்ந்தவரை முதல் உதையே தடுமாற வைத்துவிடலாம். மணிக்கட்டு வளையாமல், முழங்கை லேசாக மடங்கியபடி நின்றால் உதை தோள்வரை பரவி அடங்கும்.

விசையை இழுப்பது கடைசி. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரே சீராக, நிறுத்தாமல், கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுக்க வேண்டும். எப்போது வெடிக்கும் என்று சுடுபவருக்கே சற்று வியப்பாக இருந்தால் இழுப்பு சரி என்று பொருள்.

உதைக்கு முன்பே வரும் உதறல்

சுடுதளத்தில் நான் அதிகம் பார்த்த கோளாறு உதையால் வந்தது அல்ல. உதை வரப்போகிறதே என்ற பயத்தால் வந்தது. இரண்டு முறை சுட்டவருக்கு மூன்றாவது முறை கண் தானாக மூடும், மணிக்கட்டு கீழே அமுங்கும், தோள் குலுங்கும். குண்டு பலகையின் அடியில் போய்ப் படும். “துப்பாக்கி சரியில்லை” என்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை நிஜத் தோட்டாக்களோடு கலந்து பயிற்றுநர் உருளையில் போட்டுக் கொடுப்பார். எது எங்கே என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மி வரும் முறை வெடிச்சத்தம் இருக்காது, ஆனாலும் துப்பாக்கி கீழே ஒரு குத்துக் குத்தும். வெடிக்காத துப்பாக்கியை அசைத்தது யார்? சுட்டவர் கைதான். அதைத் தம் கண்ணாலேயே பார்த்த பிறகு யாரும் துப்பாக்கியைக் குறை சொல்ல மாட்டார்கள். பிறகு பத்து, இருபது முறை இதே பயிற்சி செய்தால் உதறல் குறையும்.

குட்டைக் குழலில் வெடிச்சத்தமும் நெருப்பும் அதிகம். உதறலுக்கு அதுவும் ஒரு காரணம். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணியாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. மிக லேசான ரிவால்வர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உதையின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னே நழுவி உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடக்கூடும். ஆபத்து வேளையில் அப்படி ஆனால் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

நகைப்பெட்டியில் ஒரு ரிவால்வர்

வாசகியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதே எண்ணம் இந்தியாவில் ஓர் அரசுத் தொழிற்சாலைக்கே வந்தது.

2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை உலகையே உலுக்கியது. நிர்பயா என்ற பெயரில் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று நிர்பீக் என்ற ரிவால்வரை வெளியிட்டது. பயமற்றது என்று பொருள். டைட்டானியக் கலவை, .32 அளவு, 6 தோட்டா, எடை சுமார் 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அரக்கு வண்ணப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பிறகு இச்சாப்பூர் தொழிற்சாலையிலிருந்து அதைவிட லேசான நிடர் என்ற .22 ரிவால்வரும் வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். .32 தோட்டா .38ஐவிடச் சாது, .22 அதைவிடச் சாது. எடையைக் குறைத்தாலும் தோட்டாவையும் சின்னதாகத் தேர்ந்ததால் நிர்பீக்கின் உதை தாங்க முடியாத ஒன்றல்ல. அந்த அளவில் பொறியாளர்கள் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். என் மனக்குறை அந்தப் பெட்டியைப் பற்றியது. எடை குறைவு, கைப்பைக்கு ஏற்றது என்று சொல்லும்போது கேட்பவர் மனத்தில் ‘சுலபம்’ என்ற சொல் தானாக விழுந்துவிடுகிறது. பழக்கமில்லாத கைக்கு, பழக்கம் அதிகம் கேட்கும் துப்பாக்கியைப் பரிசுப் பொருள்போல நீட்டுகிறோம். மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையால் கணவரை, பிள்ளையை இழந்த பெண்களுக்காக உழைக்கும் பினலட்சுமி நேப்ரம் போன்றவர்கள் அப்போதே இந்த ரிவால்வரை எதிர்த்தார்கள். துப்பாக்கி வந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை.

நானும் அந்தப் பக்கம்தான். கைப்பையின் அடியில் சீப்பு, சாவி, கைப்பேசிக்கு நடுவே கிடக்கும் ஒன்றைத் தேடி எடுத்து, சரியாகப் பிடித்து, 5 கிலோ விசையை நேராக இழுக்க வேண்டும். எதிரே ஆள் இரண்டு எட்டில் நிற்பான், நெஞ்சு படபடக்கும். பல ஆண்டு பழகிய கைக்கே அது சோதனை. பழகாத கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள அவனுக்கு ஒரு நொடி போதும்.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கு அதிக இடமும் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் சட்டத்தின்கீழ் 14 ஆண்டுவரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. எல்லை தாண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், அந்த ஆளிடமிருந்து உடனே விலகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நிஜம்போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கிகளை இணையத்தில் வரவழைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போலித் துப்பாக்கிகளுக்கும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

புக்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு

சரி, விடுமுறைக்குப் போய் அனுமதியுள்ள இடத்தில் சுட்டுப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அங்கே பயிற்றுநர் உங்களோடு இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால் நீங்களே கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதல் துப்பாக்கி .22 அளவில், முழு உருவத்தில் இருக்கட்டும். நல்ல கனம், சின்னத் தோட்டா, உதை அநேகமாகத் தெரியாது. பிடியும் இழுப்பும் கைக்கு வந்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம். பாக்கெட் ரிவால்வரை விரும்பினால் அதைக் கடைசியில் வையுங்கள், ஐந்தாறு தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை வலித்தால் அதோடு போதும். வலியோடு சுடச்சுட உதறல்தான் பழக்கமாகும்.

எந்தத் துப்பாக்கியானாலும் முதல் முறை ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். இது கூச்சப்பட வேண்டிய விஷயமே அல்ல. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் சுற்றுப்பயணிகள் சுடும் இடமொன்றில் 9 வயதுச் சிறுமியின் கையில் ஊஸி என்னும் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதையில் அது அவள் பிடியை மீறி எகிறித் திரும்பியது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் குண்டு பட்டு இறந்துபோனார். கையை மீறிய துப்பாக்கிக்குள் அடுத்த தோட்டா இருந்ததுதான் அந்தச் சாவுக்குக் காரணம். ஒற்றைத் தோட்டா போட்ட ரிவால்வர் எப்படி எகிறினாலும் அடுத்த குண்டு வராது. உதை எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும், யாருக்கும் காயமும் இல்லை.

குழல் எப்போதும் இலக்குப் பலகையை மட்டும் பார்க்கட்டும். சுடப்போகும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். படம் எடுக்கும் தோழியைப் பார்த்துச் சிரிக்கத் திரும்புவதானால், துப்பாக்கியை முதலில் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்புங்கள்.